கபீர்: பாடலும் பந்த்தும்

கேள்வி: கபீர்தாசரின் ஈரடிப் பாடல்களை மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். ஒரு தொகுப்பில் உள்ள பாடல் இன்னொன்றில் இல்லை. இரண்டிலும் உள்ள பாடலிலும் வரிகள் மாறியிருக்கின்றன. எதைத்தான் அவருடைய மூலநூல் என்று கொள்வது?

பதில்: மூலநூல் என்று ஒன்று இல்லை. மையையும் காகிதத்தையும் தொட்டதில்லை, எழுதுகோலைக் கையில் பிடித்ததில்லை என்று கபீர் சொல்வதாக ஓர் ஈரடியே இருக்கிறது. காசியில் ஜுலாகா என்னும் இஸ்லாமிய நெசவாளர் குடும்பத்தில் வளர்ந்த அவர் பாடியதைக் கேட்டவர்கள் பாடினார்கள். அவர்களிடம் கேட்டவர்கள் ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். ஏட்டில் ஏறியது பிறகுதான்.

அப்படி ஏறியவற்றுள் முதன்மையானவை மூன்று மரபுகளைச் சேர்ந்தவை. 1604இல் சீக்கிய குரு அர்ஜன் தொகுத்த சீக்கியர் மறையான ஆதி கிரந்தம் ஒன்று. ராஜஸ்தானில் தாதூ தயாள் என்னும் பக்தக் கவியின் வழிவந்தோர் காத்த சுவடிகள் இரண்டாவது. கபீர் பந்த், அதாவது கபீரைக் குருவாகக் கொண்ட சமயப் பிரிவினர், மறையாகப் போற்றும் பீஜக் மூன்றாவது. ரமைனி என்னும் செய்யுள்கள் 84, சபதம் என்னும் இசைப்பாடல்கள் 115, சாகி என்னும் ஈரடிகள் முந்நூறுக்கும் மேல் கொண்ட பீஜக்கில், பண்டிதரையும் முல்லாவையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் கபீரைப் பார்க்கிறோம். ராஜஸ்தான் ஏடுகளிலோ, நம் ஆழ்வார்களின் நாயகி பாவத்தை நினைவூட்டும் விதத்தில், தலைவனைப் பிரிந்த பெண்ணாக அவர் உருகுகிறார்.

ஆதி கிரந்தத்தில் உள்ள ஒரு பாடல் என்னை எப்போதும் நிறுத்திவிடும். மகன் நெசவை விட்டுவிட்டான், ஹரியின் பெயரையே உடம்பில் எழுதிக்கொண்டு திரிகிறான், இந்தப் பிள்ளைகள் எப்படிப் பிழைக்கும் என்று கபீரின் தாய் யாரும் அறியாமல் விம்மி அழுகிறாள். நூலைத் தறி நாடாவின் துளையில் கோக்கும் அந்த நேரமளவுக்கு என் அன்பனை மறந்துவிடுகிறேனே என்பது மகனின் மறுமொழி. துறவியாக மட்டுமே கபீரைக் கற்பனை செய்தவர்களுக்கு இந்தத் தறியும் குடும்பச் சண்டையும் வியப்பளிக்கும்.

ஒவ்வொரு மரபும் தனக்கு வேண்டிய கபீரைக் காத்துக்கொண்டது. எனவே ஒன்றுக்கு மேற்பட்ட பழந்தொகுப்புகளில் காணப்படும் பாடல்களைக் கூடுதல் நம்பிக்கையோடு படியுங்கள். மற்றவற்றைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. அவை கபீரைக் கேட்டு வளர்ந்தவர்களின் பாடல்கள். சித்தர் பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதாகவும் இராது.

கேள்வி: சடங்குகளைச் சாடியவரின் பெயரிலேயே மடமும் மகந்த் என்னும் மடத்தலைவரும் சடங்கும் இருப்பது முரண் அல்லவா?

பதில்: முரண்தான். மறைக்க வேண்டியதில்லை. காசியில் இறந்தால் முக்தி, கோரக்பூர் பக்கத்து ஊரான மகரில் இறந்தால் கழுதைப் பிறவி என்ற நம்பிக்கையை மறுக்க, கபீர் கடைசிக் காலத்தில் மகருக்கே போனார் என்பது மரபு. காசியில் உடலை விட்டுக் கதி பெறுவதானால் அதில் ராமனின் அருளுக்கு என்ன வேலை என்று அவர் பாடல் கேட்கிறது. அந்த மகரில் இன்று இந்துக்கள் வணங்கும் சமாதியும் இஸ்லாமியர் வணங்கும் கல்லறையும் அருகருகே நிற்கின்றன.

காசியில் கபீர் சௌரா மடம் இருக்கிறது. சத்தீஸ்கரின் தாமாகேடாவில், கபீரின் சீடர் தர்மதாசரின் வழிவந்த பீடம் 42 தலைமுறைக்கு நீளும் என்று அக்கிளையினர் நம்புகிறார்கள். அவர்களுடைய சௌகா ஆரத்தி என்னும் சடங்கில், மாவால் சதுரக் களம் வரைந்து, மேலே வெள்ளைத் துணி விதானம் கட்டி, மகந்த் அமர்ந்து தேங்காய் உடைக்க, வெற்றிலையோடு பிரசாதம் வழங்கப்படுகிறது. கபீர் பார்த்திருந்தால் இதையும் ஒரு பாட்டில் விளாசியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. பந்த்தில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கோயில் வாசலில் தடுக்கப்பட்ட சாதியினரும் ஏழை உழவர்களும் கைவினைஞர்களும்தான். கழுத்தில் துளசிமணி கட்டி, மதுவையும் புலாலையும் விட்டு, ஒருவரையொருவர் 'சாகிப் பந்தகி' என்று வணங்கிக்கொள்ளும்போது, பிறப்பு மறுத்த மதிப்பு அவர்களுக்குத் தங்களுக்குள்ளேயே கிடைத்தது. பீஜக்கை நூற்றாண்டுகளாகப் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் காத்தவர்களும் அவர்களே.

மேலும், இந்த முரணைப் பற்றிய விவாதம் பந்த்துக்குள்ளேயே ஓயாமல் நடக்கிறது. எதையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்னும் பாரக் மரபினர் சௌகாவை ஏற்பதில்லை. மத்தியப் பிரதேசத்தின் மால்வா வட்டாரத்தில், தம்பூராவும் மஞ்சீரா என்னும் சிறு தாளமும் வைத்து இரவு முழுவதும் கபீரைப் பாடும் கிராமத்து மண்டலிகள், அதாவது பாடகர் குழுக்கள், உண்டு. 1990களில் அங்குள்ள தேவாஸ் நகரில் ஏகலவ்யா என்ற கல்வி அமைப்பு அந்தப் பாடகர்களை மாதந்தோறும் கூட்டி, பாடியதன் பொருளை விவாதிக்க வைத்தது. பாடுகிற நாம் ஏன் இன்னும் சாதி பார்க்கிறோம், சௌகாவுக்கு ஏன் பணம் கொடுக்கிறோம் என்ற கேள்விகளை அங்கே எழுப்பியவர்கள் பந்த்தைச் சேர்ந்தவர்களேதான்.