பலகையில் ‘ஏ’யா, ‘ஈ’யா?

கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் போடும் கடைக்கு மூன்று மொழியில் பலகை எழுதக் கொடுத்தீர்கள். ஆங்கிலத்தில் ஸ்டேஷனரிக்கு நீங்கள் ‘ஈ’ என்கிறீர்கள், பெயின்டர் ‘ஏ’ என்கிறார். அதுதானே வழக்கு? நீங்கள் சொல்வதுதான் சரி, அண்ணே. கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து ‘ஈ’ வந்தால்தான் பேப்பர், பேனா, கவர் விற்கும் கடை. ‘ஏ’ போட்டால் அசையாமல் நிற்பது என்று பொருள், செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரி மாதிரி.

“கடையும் அசையாமல்தானே நிற்கிறது?” என்று அவர் மடக்கலாம். வரலாறு கொஞ்சம் அவர் பக்கமும் இருக்கிறது! இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்காமல், ஒரே இடத்தில் கடை வைத்துப் புத்தகம் விற்றவர்தான் ‘ஸ்டேஷனர்’. இரண்டு சொல்லுக்கும் லத்தீன் வேர் ஒன்றே. உச்சரிப்பும் ஏறக்குறைய ஒன்று, அதனால்தான் இந்தக் குழப்பம்.

மறக்காமல் இருக்க, கவருக்கு ஆங்கிலத்தில் என்வலப். அதன் முதல் எழுத்து ‘ஈ’.

தமிழ், மலையாள வரிகளில் கை வைக்க வேண்டாம். அங்கே இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அப்புறம் ஒன்று: எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவு ஆட்கள் ஸ்டேஷனரிக் கடை என்றால் சோப்பு, சீப்பும் கேட்பார்கள். கொஞ்சம் வாங்கி வையுங்கள்.