ஆள்பவருக்குத் திறமை போதாதா? ஜெபம் எதற்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது: நாட்டை ஆள்பவருக்குத் திறமை இருந்தால் போதாதா, தெய்வபயமும் ஜெபமும் அவருடைய சொந்த விஷயம்தானே?

நான் கிறிஸ்தவன். வேதாகமத்தை வைத்துத்தான் இதை யோசித்திருக்கிறேன். ஜெபம் சொந்த விஷயம்தான். ஆனால் அதன் பலன் ஜனங்களுக்குப் போய்ச் சேர்கிறது. தனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நிற்கிற தலைவர், தனக்குக் கீழே உள்ளவர்களை நடத்தும் விதமே வேறு.

வேதாகமத்தில் வரும் நெகேமியா என்ற யூதரைப் பாருங்கள். பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். சில மாதங்கள் கழித்து ராஜா "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோதும், மனதுக்குள் ஜெபித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். அப்புறம் அவர் கேட்டதையும் கவனியுங்கள்: வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதங்கள், ராஜாவின் வனத்திலிருந்து மரம். எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் சொன்னார். ஜெபிக்கிறவர்கள் திட்டம் போட மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்தது.

ஆனால் என்னை அதிகம் தொடுவது அலங்கம் அல்ல, நெகேமியா புத்தகத்தின் 5ஆம் அதிகாரம். பஞ்ச காலம். தானியம் வாங்க ஜனங்கள் நிலத்தையும் வீட்டையும் அடகு வைக்கிறார்கள். ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள். பிள்ளைகளை அடிமையாக விடும் நிலை. கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்த ஜனத்தின் பெரிய மனிதர்கள். நெகேமியா அவர்களைச் சபை முன்னால் நிறுத்திக் கேட்டார். நிலங்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கும்படி ஆணையிட்டு வாக்கு வாங்கினார்.

அதோடு நிற்கவில்லை. யூதாவின் அதிபதியாக இருந்தும், அந்தப் பதவிக்கு உரிய படியை 12 வருஷம் அவர் வாங்கவே இல்லை. அவருக்கு முன்னிருந்தவர்கள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் போக 40 வெள்ளிச் சேக்கலும் வாங்கியிருந்தார்கள். அவர் வாங்கியிருந்தால் எந்தச் சட்டமும் தடுத்திருக்காது, யாரும் ஊழல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தேவனுக்குப் பயந்ததால்தான் அப்படிச் செய்யவில்லை என்று காரணத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். நல்ல சட்டமும் நல்ல அமைப்புகளும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கிற இடத்திலும் ஏழையை நினைத்துக் கையைப் பின்னுக்கு இழுக்க வைப்பது எது? அதற்கு நான் கண்ட பதில் தெய்வபயம்.

சரி, ஜெபித்த எல்லோரும் நல்ல ஆட்சி தந்தார்களா? இல்லை. இஸ்ரவேலின் ராஜா சாலொமோன் கிபியோன் என்ற ஊரில் செல்வத்தைக் கேட்காமல் ஜனங்களை நியாயம் விசாரிக்க ஞானத்தைக் கேட்டார். அதே சாலொமோனின் இருதயம் முதிர்வயதில் வழுவிப்போனது. அவர் வைத்த நுகம் பாரமாக இருந்தது என்று ஜனங்கள் முறையிட்டார்கள். மகன் ரெகொபெயாமோ முதியோர் சொன்ன ஆலோசனையைத் தள்ளி, நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்றான். ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. இளமையில் செய்த ஒரு ஜெபம் ஆயுள் முழுவதும் காக்காது. அதனால்தான் ராஜா தனக்காக நியாயப்பிரமாணத்தை (தேவன் தந்த சட்டத்தை) பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்று உபாகமம் 17 சொல்கிறது. அவன் இருதயம் தன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளக் கூடாது என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது.

வெளிவேஷ ஜெபமும் உண்டு. கைகளில் இரத்தம் இருக்கும்போது எவ்வளவு ஜெபித்தாலும் கேட்கமாட்டேன், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயம் செய் என்று ஏசாயா 1இல் தேவனே சொல்கிறார். எனவே மேடையில் கண்மூடி நிற்பதை வைத்து நான் யாரையும் எடைபோட மாட்டேன். கடிந்துகொள்ளும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பேன். தாவீது ராஜா செய்த பாவத்தைத் தீர்க்கதரிசி நாத்தான் ஒரு கதையாகச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்றதும் தாவீது உடைந்துபோனார். கி.பி. 390இல் தெசலோனிக்காவில் நடந்த படுகொலைக்காக மிலான் பேராயர் அம்புரோஸ் கண்டித்தபோது, ரோமப் பேரரசர் தியோடோசியஸ் எல்லோர் முன்பும் மனந்திரும்பினார். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஏப்ரல் 30ஐ உபவாச நாளாக அறிவித்து, தன் தேசத்தாரை அவர்களுடைய சொந்தப் பாவங்களை அறிக்கையிடச் சொன்னார். போர்க்காலத்தில் எதிரியின் பாவத்தைப் பேசுவதுதானே சுலபம்!

இதையெல்லாம் சட்டம் போட்டு ஒருவரிடம் வரவழைக்க முடியாது, வரவழைக்கவும் கூடாது. கட்டாயத்தில் செய்வது ஜெபமே இல்லை.

அப்படிப்பட்ட தலைவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது? கிறிஸ்துவை அறியாத ரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த அப்போஸ்தலன் பவுல், ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள எல்லோருக்காகவும் ஜெபிக்கும்படி தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதினார். நான் ஓட்டுப் போடாதவர்களுக்காகவும் ஜெபிக்கிறேன். உண்மையை முகத்துக்கு நேரே சொல்ல ஒரு நாத்தான் அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும், ஏழையின் வழக்கு அவர்கள் காதுவரை போகட்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறேன்.