உரலும் கிரைண்டரும் – ஒரு கடிதம்

வணக்கம்.

எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே அப்பா பழைய காலத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார். அப்பத்தா உரலில் குத்திய அரிசி, அம்மியில் அரைத்த குழம்பு, ஆட்டுக்கல் மாவு. மில்லும் மிக்சியும் கிரைண்டரும் வந்து உடம்பும் கெட்டது, உலக்கைப் பாட்டும் போனது என்பார். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். நூறு வருடத்துக்கு முந்தைய வாழ்க்கை உண்மையிலேயே ஆரோக்கியமானதா? நாம் இழந்ததுதான் அதிகமா?

எம்., கரூர்

அன்புள்ள எம்.,

அரிசி விஷயத்தில் உங்கள் அப்பா பக்கம் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தின் வட கடலோர மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கரையில், பெரிபெரி நோய் பரவலாக இருந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், முற்றினால் இதயம் பழுதாகும். மில்லில் தீட்டிய பச்சரிசியையே நம்பி இருந்தவர்களுக்குத் தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விட்டது. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசனும் அவருக்குப் பின் வந்தவர்களும் இந்த அரிசிச் சத்தைத்தான் ஆராய்ந்தார்கள். தமிழ் மாவட்டங்கள் பெருமளவு தப்பியது புழுங்கல் அரிசியால். நெல்லை அவிக்கும்போது உமிக்கடியில் இருக்கும் சத்து மணிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில், தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக ஓயாமல் வாதாடினார். 1958இல் அரிசி ஆலைகளைக் கட்டுப்படுத்த மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது.

இவ்வளவு பேர் துணைக்கு இருந்தும் உரல் நிலைக்கவில்லை. குத்திக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் காரணம்.

அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நெல்லை ஊறவைத்து, பெரிய பானையில் அவித்து, களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். காக்கையும் கோழியும் வராமல் காவல் இருக்க வேண்டும். மழை வந்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். அப்புறம் உரலில் போட்டு உமி பிரியும்வரை குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, நொய் வேறு தவிடு வேறாகப் பிரிக்க வேண்டும். பூண் போட்ட உலக்கையை ஒவ்வொரு முறையும் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். இது எப்போதோ ஒரு நாள் செய்கிற வேலை இல்லை. வீட்டில் அரிசி தீரத்தீரச் செய்தாக வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியும் செய்தாள், பிள்ளை பெற்று எழுந்தவளும் செய்தாள். இதற்கு நடுவில் கிணற்றுத் தண்ணீர், விறகு, சாணி, ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் புகை. பண்ணையார் வீடுகளில் இதே வேலையைப் பண்ணையாள் பெண்கள் செய்தார்கள். குத்திய அரிசி எஜமான் வீட்டு அடுக்களைக்குப் போனது, நொய்யும் தவிடும் இவர்கள் கைக்கு வந்தன. சத்தான அரிசியைச் சாப்பிட்டவர்களின் நினைவுதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குத்தியவர்கள் பேசியது மிகக் குறைவு. உங்கள் அம்மா ஒன்றும் சொல்லாததை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மில் வந்ததில் ஒரு கொடுமையும் இருக்கிறது. கூலிக்குக் குத்திப் பிழைத்த விதவைகள், நிலமில்லாத பெண்கள் பலருக்கு அந்த வருமானம் நின்றுபோனது. குமரப்பாவின் கவலையில் இதுவும் இருந்தது. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

அடுத்து, அந்தக் காலத்தில் எல்லோரும் அரிசிச் சோறு சாப்பிட்டதாக நினைக்கிறோம். உங்கள் பக்கத்து மேட்டாங்காட்டில் கம்பும் சோளமும் ராகியும்தான் அன்றாடச் சாப்பாடு. இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்த நாள். அரிசி கிடைக்காதது ஒரு காரணம், ஆட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பது இன்னொன்று. இப்போது சிறுதானியத்தை எல்லோரும் புகழ்கிறோம். வரகுக்கு ஏழு அடுக்குத் தோல் என்பார்கள் கிராமத்தில். அதைத் திருகையில் திரித்துப் புடைத்துச் சோறாக்கிய கை எப்படி வலித்திருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. ஆலைகள், பம்புசெட், வார்ப்படப் பட்டறைகள் என்று ஊரே மோட்டார் பழகியது. அந்தப் பட்டறைகளின் ஊரில்தான் 1950களின் நடுவில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தார். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவியைக் கை சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றியது, குழவி நின்றது. எளிய மாற்றம்தான். ஆனால் தமிழ்நாட்டின் காலை உணவையே அது மாற்றியது. 2006 தேர்தலுக்குப் பிறகு ஏழை வீடுகளுக்கு அரசின் இலவச கேஸ் அடுப்பு வந்தது, 2011 தேர்தலுக்குப் பிறகு மிக்சியும் கிரைண்டரும். அப்போது "ஓட்டுக்கு லஞ்சம்" என்று பலர் ஏளனம் செய்தார்கள். எனக்கு அந்த ஏளனம் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. வசதியான வீட்டுப் பெண்ணின் கைக்கு முப்பது நாற்பது வருடம் முன்பே கிடைத்த ஓய்வு, கூலிக்காரப் பெண்ணின் கைக்கு அன்றுதான் வந்தது.

பாட்டு போனது உண்மை. உலக்கைப் பாட்டு, வள்ளைப்பாட்டு என்ற பெயரில் நம் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது, அவ்வளவு நீண்ட மரபு. ஒரே உரலில் இரண்டு பேர் குத்தும்போது உலக்கைகள் மோதாமல் இருக்கத் தாளம் வேண்டும், அலுப்புத் தெரியாமல் இருக்கச் சொல் வேண்டும். அந்தத் தேவையில் பிறந்த பாட்டு. அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் பாட வேண்டும். அதற்காக உலக்கையைத் திரும்பப் பெண்கள் கையில் கொடுக்கச் சொல்ல என்னால் முடியாது.

மாறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவிடும் நேரம் 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம் என்று வந்தது. அதுவும் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் அந்த வேலையைத் தொட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். உலக்கை போய், புகை போய், இவ்வளவுக்கும் பிறகு இன்னும் ஐந்து மணி நேரம்.

அம்மிக் குழம்பின் ருசி வேறு என்று அப்பா சொல்வதும் சரிதான். மிக்சியின் பிளேடு வெட்டுகிறது, கல் நசுக்குகிறது. கல்லில் அரைக்கும் விழுது மிக்சியில் போல அவ்வளவு சூடாவதும் இல்லை. அந்த ருசிக்கு ஆசைப்படுவதில் தவறே கிடையாது. வீட்டில் அம்மி இன்னும் இருந்தால் நன்றாகக் கழுவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தமல்லி, மிளகாய், தேங்காய் எடுத்துக்கொண்டு அப்பாவும் நீங்களும் உட்காருங்கள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள், மொத்தமாக ஊற்றினால் வழிந்துவிடும். அம்மாவுக்கு முதலில் பரிமாறுங்கள்.