தவறிப்போன 14-ஆவது வார ஊசி: முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை மாதம். 6, 10-ஆவது வாரத் தடுப்பூசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டோம். 14-ஆவது வாரம் சளியும் லேசான காய்ச்சலும் இருந்ததால் தள்ளிப்போட்டோம். பிறகு ஊருக்குப் போனதில் விட்டுப்போனது. இடைவெளி அதிகமாகிவிட்டதால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும், வலியில்லாத ஊசியாகப் பேக்கேஜில் போடலாம் என்று ஒரு தனியார் கிளினிக்கில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலிலிருந்து தொடங்க வேண்டியதே இல்லை. போட்ட ஊசி போட்டதுதான். எத்தனை வாரம் தாமதமானாலும் அதன் கணக்கு அழியாது. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வரும் புதன்கிழமையே போய் மூன்றாவது பென்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி), இரண்டாவது நிமோகாக்கல் ஊசி (நிமோனியாவுக்கு எதிரானது), இரண்டாவது போலியோ ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு (கடும் வயிற்றுப்போக்குக்கு எதிரானது) எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிடலாம். ஒரே நாளில் இத்தனையா என்று பயப்பட வேண்டாம். குழந்தையின் உடல் தாங்கும்.

'முதலிலிருந்து' என்று சொல்பவரிடம் ஏமாறாதீர்கள். அரசு நிலையத்தில் இவை அனைத்தும் இலவசம். தேவையில்லாத ஊசிகளையும் சேர்த்துப் பேக்கேஜாக விற்று, பயந்துபோன தாயிடம் ஆயிரக்கணக்கில் பிடுங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. 'வலியில்லாத ஊசி' என்பதும் ஆசைகாட்டும் பேச்சு. குத்தும் வலி அரசு ஊசியிலும் அதிலும் ஒன்றுதான். 'வலியில்லாத' ஊசியில் கக்குவான் இருமலுக்கான மருந்து வேறு வகை. காய்ச்சலும் வீக்கமும் குறையும், அவ்வளவே. அரசு ஊசியில் உள்ள பழைய வகையின் பாதுகாப்புதான் அதிக காலம் நிற்கிறது. ஓர் இரவுக் காய்ச்சலுக்குப் பயந்து அதை விட்டுக்கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தை எடைக்கேற்ற அளவில் செவிலியரிடம் கேட்டுக் கொடுங்கள்.

சளி, இருமல், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அன்றே போட்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முந்தைய ஊசிக்குப் பின் சில மணி நேரத்துக்குள் முகம் வீங்கியதா, மூச்சுத் திணறியதா, உடல் முழுவதும் தடித்ததா? அல்லது அடுத்த சில நாட்களில் வலிப்பு வந்ததா, நினைவு தப்பியதா? அப்படியானால் அதே ஊசியைக் குழந்தை மருத்துவரிடம் காட்டாமல் மறுபடி போடாதீர்கள். காய்ச்சல், தொடை வீக்கம், விடிய விடிய அழுகை ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊசியையே நிறுத்திவிடும் குடும்பங்கள் ஏராளம்.

"பிள்ளைகள் சேரவில்லை, குப்பியை உடைக்க முடியாது, அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருப்பதால் இப்படிச் சொல்கிறார்கள். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. பென்டாவேலன்ட் குப்பியை முறைப்படி குளிரில் வைத்தால் திறந்த பிறகும் 28 நாட்கள் வரை பயன்படுத்தலாம். அதற்கு ஆள் சேரக் காத்திருப்பதில் நியாயமே இல்லை. வீணான மருந்துக்குக் கணக்குக் கேட்கும் மேலதிகாரிகள், திரும்பிப் போன குழந்தைக்கு ஏன் கேட்பதில்லை? நிலைய மருத்துவ அலுவலரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது 9 மாதம் நிறைந்ததும்: தட்டம்மை-ரூபெல்லா ஊசி, நிமோகாக்கல் பூஸ்டர், மூன்றாவது போலியோ ஊசி. உங்கள் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி உண்டென்றால் அதுவும். தாய்-சேய் நல அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் தேதி எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து, ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.