ஏழெட்டு மறந்தால் என்ன, ஐயெட்டு தெரியுமே!

கேள்வி: மகள் நான்காம் வகுப்பு. 5ஆம் வாய்ப்பாடு வரை சரளமாகச் சொல்கிறாள், 7, 8 வந்தால் திணறுகிறாள். 16 வரை மனப்பாடம் செய்ய வைத்துவிடவா, வேறு வழி இருக்கிறதா?

பதில்: 10 வரை மனப்பாடம் இருந்தால் நல்லதுதான், 16 வரை இப்போது திணிக்காதீர்கள். தெரிந்ததை வைத்தே தெரியாததைப் பிடிக்கலாம். ஏழெட்டு எத்தனை என்று கேட்டு அவள் விழித்தால், ஐயெட்டு எவ்வளவு என்று கேளுங்கள். நாற்பது என்பாள். இன்னும் எத்தனை எட்டு வேண்டும்? இரண்டு. ஈரெட்டு பதினாறு, நாற்பதோடு சேர்த்தால் ஐம்பத்தாறு. பாடப்புத்தகத்தில் வரும் பங்கீட்டுப் பண்பு இதுதான், ஆனால் அந்தப் பெயரையும் சூத்திரத்தையும் அவள் கை பழகிய பிறகு சொன்னால் போதும்.

பெரும்பாலான குழந்தைகள் சறுக்கும் இடம் அடுத்தது. 7×14 கொடுத்தால் 7×10=70 என்று சரியாகப் போட்டுவிட்டு, அதோடு வெறும் 4ஐக் கூட்டி 74 என்பார்கள். வாயால் எத்தனை முறை விளக்கினாலும் இது மறுபடி வரும், அதனால் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து 7 வரிசை, வரிசைக்கு 14 கட்டம் என்று ஒரு செவ்வகம் வரையச் சொல்லுங்கள், பத்தாவது கட்டத்துக்கு அப்புறம் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் 70. வலப்பக்கம் எத்தனை? அவளே எண்ணட்டும். 28 என்று கண்ணால் பார்த்துவிட்டால் 98 தானாக வரும்.

23×14க்கும் இதே படம்தான், 23ஐ 20, 3 என்றும் 14ஐ 10, 4 என்றும் பிரித்து நான்கு துண்டுகளாக: 20×10=200, 20×4=80, 3×10=30, 3×4=12. மொத்தம் 322. (20×10, 3×4 மட்டும் பெருக்கி 212 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. விட்டுப்போன இரண்டு துண்டுகளைப் படம் காட்டிக்கொடுத்துவிடும்.) பிறகு பள்ளியில் செய்வது போல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வையுங்கள். முதல் வரி 92, அதாவது 80+12. இரண்டாவது வரி 230, அதாவது 200+30. அந்த வரியில் ஒன்றின் இடத்தில் பூஜ்ஜியம் ஏன் வருகிறது என்பது பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்கும், எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

எங்கே பிரிப்பது என்பதை அவளிடமே விடுங்கள். பத்தாகத்தான் பிரிக்க வேண்டும் என்றில்லை. கணித அறிஞர் பாஸ்கராச்சாரியர் 1150இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் 135×12க்கு 12ஐ 8, 4 என்று பிரித்துப் போடும் வழியும் உண்டு: 1080+540=1620. கழித்தும் செய்யலாம். 19 ரூபாய் நோட்டு 25 வாங்கினால், 20 என்று வைத்து 500, அதில் 25 போக 475. இங்கே 1ஐ மட்டும் கழித்து 499 என்றால் திட்டாமல், "ஒரு நோட்டுக்கு ஒரு ரூபாய் கூட வைத்தோம், 25 நோட்டுக்கு எவ்வளவு கூட?" என்று கேளுங்கள்.

வகுத்தலுக்குப் போகும்போது மட்டும் கவனம். 84÷7ஐ 70÷7, 14÷7 என்று பிரித்து 10+2=12 எனலாம். 7ஐ 5, 2 என்று பிரிக்கப் போனால் விடை தப்பாகிவிடும்.