கார்டா ஏரிக்கு வேனில் போவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நெதர்லாந்தில் ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். மனைவி, எட்டு வயதில் மகன், நான்கு வயதில் மகள். வரும் ஆகஸ்டில் கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். கையில் பன்னிரண்டு நாள். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்ததும் கிளம்பினால் பிள்ளைகள் பின்னால் படுக்கையில் தூங்கிவிடுவார்கள். நானும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டிச் சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஏரியின் தென்கரையில் ஒரே கேம்பிங்கில் பத்து நாள் தங்குவதாகத் திட்டம். சுவிட்சர்லாந்து வழியா, ஆஸ்திரியா வழியா என்பதில் குழப்பம். வேன் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். சமையலையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் அல்லவா? உங்கள் பயணக் குறிப்புகளை விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே,

முதலில் அந்தப் படுக்கை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டியில் யாரும் படுத்திருக்கக் கூடாது. உங்கள் மகனும் மகளும் அவரவர் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் வர வேண்டும். சட்டமும் அதுதான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று பிரேக் போட்டால் படுக்கையில் இருக்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் கிடையாது. வண்டியைப் பார்க்கப் போகும்போது பெல்ட் உள்ள இருக்கைகள் நான்கு இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். படுக்கை நான்கு பேருக்கு இருக்கும், பெல்ட் இருவருக்குத்தான் இருக்கும், அப்படியும் வேன்கள் உண்டு.

ஆகவே இரவுப் பயணத்தை விட்டுவிடுங்கள். ஐந்தோவனிலிருந்து ஏரியின் வடமுனைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். வாரம் முழுக்க வேலை பார்த்த களைப்போடு, பழக்கமில்லாத ஆறு மீட்டர் வண்டியில், ஆல்ப்ஸ் மலையை விடியற்காலையில் கடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம், ஒரே ஓட்டமாக ஓடிப் போய்ப் பத்து நாள் ஒரே இடத்தில் இருப்பதற்குக் காரில் போய் ஒரு வீடு எடுத்துத் தங்கினாலே போதும். வேன் எடுப்பது நடுவில் தங்குவதற்காக. அந்த நாட்களைத் திட்டத்தில் சேருங்கள், மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

நான் சொல்வது இது. சனிக்கிழமை வண்டியை வாங்கி நிதானமாகச் சாமான் ஏற்றுங்கள். ஞாயிறு காலை கிளம்புங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரை லாரிகளுக்குத் தடை, சாலை உங்களுக்கு வசப்பட்டிருக்கும். வென்லோ தாண்டி ஏ61 நெடுஞ்சாலையைப் பிடித்து, கோப்லென்ஸ் வழியாக ஷ்பையர் வரை போனால் சுமார் 400 கிலோமீட்டர். முதல் நாளுக்கு அது போதும். ஷ்பையரில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நிஜமான போயிங் 747 விமானத்தை உயரத் தூண்கள் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படியேறி உள்ளே போகலாம், இறக்கை மேல் நடக்கலாம். சோவியத் காலத்துப் புரான் விண்ணோடமும் அங்கே நிற்கிறது. பக்கத்திலேயே வேன்கள் தங்க இடம் உண்டு. எட்டு வயதுப் பையனுக்கு ஏரியைவிட அதுதான் பிடிக்கும், எதற்கும் தயாராக இருங்கள். திங்கள் காலை அங்கே கழித்துவிட்டு, உல்ம், மெம்மிங்கன் வழியாக மாலைக்குள் ஆஸ்திரிய எல்லை அருகே உள்ள ஃப்யூசன் போய்விடலாம். செவ்வாய் அங்கேயே ஓய்வு. புதன்கிழமை மலையைக் கடங்கள்.

சுவிட்சர்லாந்து வழி வேண்டாம். அங்கே ஆல்ப்ஸைக் கடக்கும் கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் 17 கிலோமீட்டர், 1980இல் திறந்தது. கோடையில் வார இறுதி என்றால் அதன் வாசலில் பல கிலோமீட்டருக்கு வரிசை நிற்கும். மாஜோரே ஏரிக்கோ கோமோ ஏரிக்கோ போகிறவர்களுக்கு அது சரி. கார்டாவுக்கு ஆஸ்திரியா வழியாகப் போகும் ப்ரென்னர் கணவாய்தான் நேர்வழி.

ப்ரென்னரிலும் நெரிசல் உண்டு. எல்லைக்குச் சற்று முன்னால் உள்ள லூக் பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை நடப்பதால் 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலும் ஒரு தடத்தில்தான் வண்டிகளை விடுகிறார்கள். கோடை வார இறுதிகளில் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் இறங்கிச் சுற்றிப் போகத் தடையும் இருக்கிறது. கூகுள் 'இங்கே இறங்கு' என்று சொன்னாலும் இறங்காதீர்கள், போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். புதன்கிழமை என்று சொன்னதற்கு இதுதான் காரணம். ஆகஸ்ட் 15 ஒட்டிய வாரத்தையும் தவிர்க்கப் பாருங்கள், இத்தாலியே விடுமுறையில் இருக்கும் நாட்கள் அவை. ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற கட்டண வில்லை வேண்டும், வண்டி எண்ணுக்கு இணையத்திலேயே வாங்கலாம். ப்ரென்னர் சாலைக்குத் தனிக் கட்டணம். இத்தாலிய நெடுஞ்சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து, இறங்கும்போது பணம் கட்ட வேண்டும். நால்வரின் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் பார்ப்பார்கள்.

இப்போது எடை. வாடகை வேன்களை எடுக்கும் நம்மவர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது. உங்கள் சாதாரணக் கார் உரிமத்தில், அதாவது பி உரிமத்தில், பாரமும் சேர்த்து மொத்தம் 3500 கிலோ வரைதான் ஓட்டலாம். ஆறு மீட்டர் வேன் ஒன்று ஓட்டுநரையும் டீசலையும் சேர்த்தே ஏறக்குறைய 2900, 3000 கிலோ வந்துவிடுகிறது. மீதி இருப்பது 500 கிலோ என்று வையுங்கள். மனைவியும் பிள்ளைகளும் 100. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் இன்னொரு 100. நான்கு சைக்கிளும் அதன் தாங்கியும் 60. குழந்தை சீட், மேசை, நாற்காலி, வெய்யில் மறைப்பு என்று 60. மீதி 180 கிலோவுக்குள்தான் அரிசி, பருப்பு, துணிமணி எல்லாம். பார்த்தீர்களா, விளிம்பை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். ப்ரென்னர் வழியில் வரும் ஆஸ்திரியாவின் திரோல் பகுதியில் போலீஸ் வேன்களை ஓரங்கட்டி எடை போடுவது வழக்கம். கூடுதலாக இருந்தால் அபராதம் மட்டுமல்ல, சாமானை இறக்கிய பிறகுதான் விடுவார்கள். அதையெல்லாம் விடுங்கள், பாரம் ஏறிய வண்டி இறக்கத்தில் நிற்பதற்கு நேரமாகும், எனக்கு அந்தக் கவலைதான் பெரிது. முழுக்க ஏற்றியபின் ஊரில் ஏதாவது எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் இருபது லிட்டருக்கு மேல் வேண்டாம், போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். சைக்கிளைப் பின்னால் மாட்டினால் இத்தாலியில் அரை மீட்டர் சதுரத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பலகை கட்டாயம். வாடகைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்பது உண்மையல்ல. ஜெர்மனியில் பொது நிறுத்தத்தில் களைப்பாற ஒரு இரவு தூங்கலாம், நாற்காலி மேசை வெளியே வரக் கூடாது. திரோலில் கேம்பிங்குக்கு வெளியே தங்கத் தடை. இத்தாலியச் சட்டப்படி சக்கரம் மட்டும் தரையில் பட, எதையும் விரிக்காமல், எதையும் கொட்டாமல் நின்றால் அது வெறும் பார்க்கிங்தான். ஆனால் கார்டா கரை ஊர்கள் பலவற்றில் தனி உத்தரவு போட்டு இரவில் நிற்பதைத் தடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறீர்கள், நள்ளிரவில் யாரோ கதவைத் தட்டும் நிலை வேண்டாம். முன்பதிவு செய்துவிடுங்கள்.

கரை எது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து. தென்கரை அகலமானது, தட்டையானது, கூட்டம் அதிகம். வடமுனையில் ரீவா, தோர்போலே என்ற ஊர்கள் இருக்கும் இடத்தில் இருபுறமும் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தப் பகுதியில் தனியார் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை என்பதால் குளிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் ஏரியின் அதிகபட்ச ஆழம் 346 மீட்டர், கரையை விட்டதும் சட்டென்று ஆழமாகும் இடங்கள் உண்டு. சின்னவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். கரையெல்லாம் கூழாங்கல், தண்ணீருக்கான செருப்பு வாங்கிவிடுங்கள்.

அங்கே போகும் வழிக்காகவே நான் வடமுனையைச் சொல்வேன். ரொவெரேத்தோ தெற்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மோரி தாண்டினால் சாலையோரம் கோரைப்புல் மண்டிய ஒரு சதுப்பு வரும். அதுதான் லோப்பியோ ஏரி, இப்போது தண்ணீர் இல்லை. வெரோனாவை வெள்ளத்திலிருந்து காக்க, அதிஜே ஆற்றின் பெருக்கைக் கார்டா ஏரிக்குத் திருப்பிவிட 10 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள். 1939இல் தொடங்கி 1959இல் முடிந்த அந்த வேலையில் லோப்பியோவின் நீர் வடிந்து போய்விட்டது. நடுவே மேடாகத் தெரிவது பழைய தீவு. வண்டியை நிறுத்தி மகனுக்குக் காட்டுங்கள். அதே இடத்தில்தான் 1439இல் வெனிஸ்காரர்கள் போர்க்கப்பல்களை மிதக்கவிட்டார்கள். மிலான் படை வெனிஸின் கையிலிருந்த பிரெஷா நகரை முற்றுகை இட்டிருந்தது, ஏரியின் தென்பகுதியும் அவர்கள் பிடியில். வெனிஸ் தன் கப்பல்களை அதிஜே ஆற்றின் எதிர்நீச்சலில் மோரி பக்கம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, காளைகளைப் பூட்டி மலை மேல் இழுத்தது. லோப்பியோவில் கொஞ்ச தூரம் மிதந்து, மறுபடி கணவாய் ஏறி, நாகோவிலிருந்து தோர்போலேவுக்குக் கயிறு கட்டி இறக்கினார்கள். தெற்கிலிருந்து வீசும் 'ஓரா' காற்றுக்குப் பாயை விரித்து, இறங்கும் வேகத்தைத் தடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். நீங்கள் இரண்டாம் கியரில் இறங்கப் போவது அந்தச் சரிவில். நாகோ தாண்டியதும் ஒரு வளைவில் ஏரி முழுசாகத் தெரியும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும், நிறுத்திப் பார்க்க அங்கேயே இடம் இருக்கிறது.

அந்த ஓரா மதியத்தில் எழும்பும், காலையில் காற்று வடக்கிலிருந்து. அதனால் காலையில் குளியல், மதியத்துக்கு மேல் பாய்ப்பலகைக்காரர்களை வேடிக்கை பார்க்கலாம். 1786 செப்டம்பரில் தோர்போலேயிலிருந்து படகேறிய ஜெர்மன் கவிஞர் கோத்தேயை எதிர்க்காற்றுதான் கிழக்குக் கரையில் உள்ள மல்செசினேயில் கரை இறங்க வைத்தது. அங்கே கோட்டையை வரைந்துகொண்டிருந்தவரை ஒற்றன் என்று சந்தேகித்தார்கள். மல்செசினேவுக்கும் எலுமிச்சைத் தோட்டங்களைக் கட்டடம் போலக் கல்தூண் நிறுத்தி வளர்த்த லிமோனேவுக்கும் வேனை எடுக்க வேண்டாம். லிமோனே போகும் மேற்குக் கரைச் சாலை 1931இல் திறந்தது, பல இடங்களில் சுரங்கம், எதிரே பேருந்து வந்தால் உங்களுக்கு வியர்க்கும். படகில் போய்விட்டு வாருங்கள்.

சமையலுக்கு வருகிறேன். தாளிப்பு வேனுக்குள் வேண்டாம், மெத்தையிலும் திரையிலும் ஏறும் வாசனை வாடகைக்காரரிடம் வண்டியைத் திருப்பித் தரும் நாள் வரை போகாது. அடுப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியக் கேம்பிங்குகள் பலவற்றில் மின்சாரம் 6 ஆம்பியர்தான், அதாவது 1400 வாட்டுக்கும் குறைவு. வீட்டுக் கெட்டில் 2000 வாட் இழுக்கும், போட்டவுடன் ஃபியூஸ் போய்விடும். சின்ன ரைஸ் குக்கர் தாராளமாக ஓடும். ஆனால் அது வேகும்போது வேறெதையும் போடாதீர்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பல இடங்களில் ஓய்வு நேரம், கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்கு முன்னால் அல்லது பின்னால் போய்ச் சேருகிற மாதிரி ஃப்யூசனிலிருந்து கிளம்புங்கள்.

ஏரியில் நான்கு இரவு இருங்கள். ஞாயிறு கிளம்பும்போது ப்ரென்னருக்குப் பதில் போல்சானோ, மெரானோ வழியாக ரெஷன் கணவாய் ஏறுங்கள். அங்கே 1950இல் அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட கிராவுன் கிராமத்தின் மணிக்கூண்டு மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அது சுற்றுலாப் படமாகிவிட்டது, ஆனால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை இழந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அங்கிருந்து லாண்டெக், ஃபெர்ன் கணவாய், ஃப்யூசன், உல்ம். கடைசி நாளைத் தூரத்துக்கு ஒதுக்காமல், கழிவுத் தொட்டி காலி செய்து வண்டியைக் கழுவிக் கொடுக்க அரை நாளாவது வையுங்கள்.

வண்டி முடிவானதும் அதன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையும் வெற்று எடையையும் எழுதி அனுப்புங்கள். ஏற்ற வேண்டியவற்றின் பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.