பிறவியிலேயே நடக்க முடியாத பிள்ளைக்கு மாதக் கொடுப்பனவு

அக்கா, ஆறு வயது மகன் பிறந்ததிலிருந்தே நடக்கிறதில்லை, "அஸ்வெசுமவில் (இலங்கை அரசாங்கத்தின் நிவாரணத் திட்டம்) பேர் இருந்தால்தான் பார்க்கலாம், இல்லாட்டி பதினெட்டு வயது முடியட்டும்" என்று ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள். குடும்பத்துக்குக் கிடைக்கும் அஸ்வெசும வேறு, வருமானம் குறைந்த வீட்டு மாற்றுத்திறனாளிக்கான மாதக் கொடுப்பனவு வேறு. 7,500 ரூபாயாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக்கினார்கள்.

நேரே பிரதேச செயலகத்துக்குப் போய் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். என் தங்கச்சி மகனுக்கும் இதே கதைதான், வாயால் கேட்டபோதெல்லாம் "பிறகு வாங்க", எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தின் கொப்பியில் சீல் வாங்கிய பிறகுதான் ஃபைலே திறந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றிலும் இரண்டு போட்டோகொப்பி கொண்டுபோங்கள். தோட்டத்து டிஸ்பென்சரி துண்டை மட்டும் நம்பிப் போகவேண்டாம், அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் எழுதியதுதான் நிற்கும். சான்றிதழில் பேர் ஒரு எழுத்து பிழையென்றால் (நம்ம பக்கம் யாருக்குத்தான் சரியாக இருக்கிறது!) அதை முதலில் திருத்துங்கள்.

அப்புறம் வைத்தியம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பயிற்சிக்குக் காசு கட்டத் தேவையில்லை, பேராதனையில் சிறுவர் ஆஸ்பத்திரியே இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லி கிளினிக்கில் துண்டு கேளுங்கள். மஸ்கெலியாவிலிருந்து போய்வர ஒருநாள் பேர் (நாள் சம்பளம்) போகும்தான், ஆனாலும் விடாதீர்கள். சக்கர நாற்காலிக்கும் அதே உத்தியோகத்தரிடமே கேட்டு எழுதிக் கொடுங்கள்.